அந்த வயலில் நடப்பாயா?

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால், உன் மனைவியின் தலைவலி, உன் முன்கோபம், மூன்றும் எப்படி இருக்கின்றன?

போனில் பேசலாம்தான். பேசத் தொடங்கினால் இரண்டாவது நிமிஷமே அம்மா பிடுங்கிக்கொண்டு, “சாப்டியா? என்ன சாப்ட?” என்று கேட்டே காசைத் தீர்த்துவிடுகிறாள். போதாததற்கு, உங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் போன்களுக்கு மூன்றாவதாக ஒரு காது உண்டு என்று நீதானே சொன்னாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை நான்காவது மாடியில். கீழே டிராம் திரும்பும்போதெல்லாம் மேஜையில் டம்ளர் நடுங்குகிறது. காலையில் எழுந்ததும் மாநாட்டுக் கட்டடம், சாயங்காலம் வரை பேச்சு. கொத்துக்குண்டை உலகத்திலிருந்தே ஒழிக்க ஓர் ஒப்பந்தம் எழுதுகிறோம். ஒரு பெரிய குண்டு வானத்திலேயே வயிறு திறந்து, நூற்றுக்கணக்கான குட்டிக் குண்டுகளை வயலிலும் கூரையிலும் இறைத்துவிட்டுப் போகும். அப்போது வெடிக்காதவை வருஷக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். உனக்குப் போய் இதை விளக்குகிறேன் பார்!

எங்கள் தூதருக்கு நான் வைத்த பெயர் ‘காற்புள்ளி ஐயா’. எந்த வரியைக் காட்டினாலும் ஒரு காற்புள்ளியை எடுத்து வேறிடத்தில் வைப்பார். நேற்று முழுவதும் ‘அழிக்க வேண்டும்’ என்பதா, ‘அழிக்க முயல வேண்டும்’ என்பதா என்று வாக்குவாதம். சிரிக்காதே. அந்த ‘முயல’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு ராணுவமே போய் ஒளிந்துகொள்ளும்.

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடி ஏறுகிறாள். என் கோபத்தைப் பற்றிக் கேட்டால்தான் கோபம் வருகிறது.

நான் செய்வதை நீ தடை செய்கிறாய். நீ தடை செய்வதை நான் செய்கிறேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், “ரெண்டு பேருக்கும் கவர்மெண்டு உத்தியோகம், ஒரே துறை மாதிரிதான்” என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வகையில் சரிதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பட்டறையில் இப்போது நாங்கள் செய்வது பழைய சரக்கு இல்லை. குட்டி வெடிக்காமல் விழுந்தால், கொஞ்ச நேரத்தில் தானாகவே வெடித்துத் தீர்ந்துவிடும். அந்த ஏற்பாட்டைச் சோதிக்கும் பிரிவுக்குத்தான் நான் பொறுப்பு. நூற்றுக்கு ஒன்றுதான் தவறுகிறது. நாலு வருஷ உழைப்பு, அக்கா. உங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள்.

தொழிற்சங்கத் தலைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உங்க அக்கா என்ன சொல்றாங்க?” என்கிறார். “இருமல்னு சொல்றாங்க” என்கிறேன். பட்டறையில் நானூறு குடும்பம். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சுடுதண்ணீர் குடி.

இப்படிக்கு,
தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் பாதி போய்விட்டது, சுடுதண்ணீருக்கு நன்றி. அம்மாவை மாடி ஏற விடாதே.

இங்கே ஒரு டாக்டரம்மாவோடு பழக்கம். குண்டு விழுந்த நாடு ஒன்றின் பிரதிநிதி. அறுவை சிகிச்சை செய்கிறவர். உரக்கச் சிரிப்பார், யாரோ பிடுங்க வருவதுபோல அவசரமாகச் சாப்பிடுவார். நேற்றுத் தேநீர் வரிசையில் என் பின்னால் நின்றுகொண்டு, “உங்க நாட்டுக் குண்டு ரொம்ப நல்ல குண்டாமே?” என்று கேட்டார்.

“காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கு” என்றேன்.

“எங்க ஊர் மண்ணுக்கு உங்க காகிதத்தைப் படிக்கத் தெரியலையே!” என்று சொல்லி, தனக்கே அது பிடித்துப்போய்ச் சிரித்தார். அப்புறம் ஒரு படம் காட்டினார். உழுது பாதியில் விட்ட வயல். சண்டை ஓய்ந்து பதினோரு வருஷமாகியும் அப்படியே கிடக்கிறது. வரப்பில் ஒரு பெண் வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பார்த்தாலே இறங்கத் தோன்றும், அதனால் பார்ப்பதில்லையாம்.

உன்னை ஒன்று கேட்கிறேன். அதிகாரியாகக் கேட்கவில்லை, அக்காவாகக் கேட்கிறேன். நூற்றுக்கு ஒன்று என்கிறாய். உன் குண்டு விழுந்த வயல், மறுநாள் காலை. அந்த வயலில் நீ நடப்பாயா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். நீ நலம்தானே? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை தலைக்கு மேல்.

அம்மாவுக்குக் காதில் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். இத்தனை நாள் நாங்கள் பேசியதெல்லாம் தனக்குக் கேட்காமல் இருந்ததே நல்லது என்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியது. நானே பிரித்து, நானே கெடுத்து, கடைசியில் ஆளைக் கூப்பிட்டேன். உன் மருமகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவளுக்குக் கால் நீளமாம்.

இரண்டு கொள்முதல்காரர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஒப்பந்தம் எப்படி முடிகிறது பார்க்கலாம் என்று. சங்கத்தில் தினமும் கூட்டம். தலைவர் இப்போது இருமலை நம்புவதில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோருடைய நலனும் படித்து நிம்மதி. மருமகளுக்கு என் முத்தம்.

குழாய் வரைக்கும் எழுதியிருந்தாய். சரி. நானும் இனி கேட்கவில்லை.

நேற்று முன்தினம் தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்தது. தானாக வெடித்துவிடும் குண்டுகளுக்கு ஒப்பந்தத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று நம் நாடு கேட்க வேண்டுமாம். காற்புள்ளி ஐயா என்னைக் கூப்பிட்டார்.

“வாசகத்தை நீங்களே எழுதுங்கம்மா. உங்க எழுத்துன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

“ஐயா, இதைச் சேர்த்தா ஒப்பந்தத்தில் ஓட்டை விழுந்துடும். இதே கதவு வழியா எல்லோரும் வெளியே போயிடுவாங்க.”

“போகட்டும். முதல்ல நாம போயிடுவோம்ல? உங்க தம்பிக்கும் வேலை இருக்கும்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். உனக்கு அங்கே வேலை என்பது அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன். எழுதி முடித்து, கோட்டுகூட எடுக்காமல் தெருவில் இறங்கி டிராம் பாதையோடு கடைசி நிறுத்தம் வரை நடந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி நடந்தேன்.

அடுத்த மாதம் குழுக் கூட்டத்தில் பேச உங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரு நிபுணரை அனுப்புகிறார்களாம். யார் என்று இன்னும் சொல்லவில்லை.

அக்கா

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

சுகம். சுகமா?

அந்த நிபுணர் நான்தான்.

சங்கமும் மேலாளரும் ஒரே மேடையில் உட்கார்ந்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் இருவரும் எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. புது ஷூ வாங்கியிருக்கிறேன், கடிக்கிறது. அம்மா உனக்காக ஒரு மூட்டை கட்டியிருக்கிறாள். என் துணியை எதில் வைப்பதென்று தெரியவில்லை.

விமான நிலையத்துக்கு வராதே. அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. கூட்டம் முடிந்து ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம்.

தம்பி

ஜூன் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுவே முதல் தடவை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பி திரும்பி வந்ததிலிருந்து பேசுவதே இல்லை. கேட்டால் “ஒண்ணுமில்ல” என்கிறார். அத்தை கொடுத்தனுப்பிய மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். உங்களைப் பார்க்கவே இல்லையா?

பட்டறையில் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சைக்கிளில் தினமும் யாரோ காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவரும் தினமும் தள்ளிக்கொண்டே வருகிறார். நேற்றுக் கடையில் ஒரு பெண் என் முகத்துக்கு நேரே, “உங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தாரு, எங்க அடுப்பு அணைஞ்சுது” என்றாள். நடந்ததே தெரியாதவள் எதற்கென்று பதில் சொல்வேன்?

அங்கே என்ன நடந்தது? நீங்களாவது சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி

ஜூன் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன். உன் தலைவலிக்கு நடுவில் இத்தனையும் தாங்குகிறாயே.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் நடந்தது ஒரு நீள அறை. மேஜைகள் லாடம் போல வளைந்திருக்கும்; கண்ணாடிக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர்கள். தூதருக்கும் எனக்கும் நடுவில் தம்பி. புதுக் கோட்டு தோளில் சரியாக உட்காரவில்லை. இழுத்து விடலாம் என்று கை போனது, எடுத்துக்கொண்டேன்.

முதலில் அவன் பேசியது பிரமாதம். ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது, எத்தனை தடவை சோதித்தார்கள், எல்லாம் சொன்னான். சில நாடுகள் தலையாட்டத் தொடங்கின. காற்புள்ளி ஐயா என் பக்கம் சாய்ந்து, “ஜெயிச்சாச்சும்மா” என்றார்.

அப்போது எதிர் வரிசையில் ஒரு டாக்டரம்மா கை தூக்கினார். குண்டு விழுந்த நாட்டுக்காரர். எப்போதும் மடமடவென்று பேசுகிறவர், அன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“நிபுணர் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. உங்கள் குண்டு விழுந்த வயல், மறுநாள் காலை. அந்த வயலில் நீங்கள் நடப்பீர்களா?”

மொழிபெயர்ப்பு கேட்கக் காதில் மாட்டியிருந்த கருவியைத் தம்பி கழற்றினான். சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து அதிகாரி ஒருவர் வேறொன்றைக் கொண்டுவந்தார். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஐயா தாழ்ந்த குரலில், “நடப்பேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்” என்றார்.

“நடக்க மாட்டேன்” என்றான் தம்பி.

அவனே தொடர்ந்தான். “நான் நடக்க மாட்டேன். என் பொண்ணையும் விட மாட்டேன். மைதானத்துல சோதிக்கும்போதுகூட வெடிக்காததை எடுக்க நாங்க கவசம் போட்டுக்கிட்டுத்தான் போவோம். வயல்ல இறங்குறவங்ககிட்ட அது இருக்காது இல்லையா?”

அப்புறம் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. விலக்குக்கு ஆதரவு சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். அன்று சாயங்காலமே, விலக்கு இல்லாமல், ஒப்பந்தம் நிறைவேறியது. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், டாக்டரம்மா அழுதார். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. விடுதிக்கு ஓடினேன். அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. கேட்டார்கள், சொன்னான். கடையில் பேசிய பெண்ணுக்கு இதைச் சொல்ல முடியாது, தெரியும். நீ தெரிந்துகொண்டால் போதும். அவனைத் தனியாகத் தூங்க விடாதே, தனியாகச் சாப்பிட விடாதே.

அன்புடன்,
அண்ணி

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும்; ஆவலாகத்தான் இருக்கிறது, இருந்தும் இரண்டு மாதம் பேனாவை எடுக்கவில்லை.

நீ அவளுக்கு எழுதியதைப் படித்தேன். எல்லாம் நடந்தபடியே எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். அந்தக் கேள்வி எனக்குப் பழைய கேள்வி. அந்த டாக்டரம்மாவுக்குத்தான் புதுசு. அதனால்தான் தடுக்கித் தடுக்கிக் கேட்டார்.

காதில் விழுந்ததும் உன்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் கோபத்தில் “நடப்பேன்” என்று சொல்லியிருப்பேன். வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அந்தம்மா, “சரி, வாங்க, எங்க ஊருக்குப் போகலாம்” என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். சிரிக்காதே. நிஜமாகவே அந்த ஒரு நொடியில் என் கால் கூசியது. பிப்ரவரியிலிருந்தே கூசிக்கொண்டுதான் இருந்தது. குழாயைப் பற்றி எழுதினேன்.

யார் கேட்கச் சொன்னது என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்லாதே. சொன்னால் நான் மன்னிக்க வேண்டி வரும். மன்னிக்கிற இடத்தில் நான் இருந்தால் நீ எனக்கு அக்காவாக இருக்க முடியாது. எனக்கு அக்கா வேண்டும்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நானூறு குடும்பம் என்று எழுதினேனே, அதை நீ வேகமாகப் படித்துவிட்டாய்.

மூன்றாம் பட்டறையைப் பூட்டியாகிவிட்டது. பாதிச் சம்பளத்தில் எல்லோரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வந்தால் எழுந்து அடுத்த மரத்துக்குப் போகிறார்கள். மரம் நிறைய இருக்கிறது.

தம்பி

அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே பிரித்தேன். அப்படியே ரொம்ப நேரம் நின்றேன். நீ சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை. அதற்காக உறக்கம் வருகிறது என்று நினைத்துவிடாதே. அம்மாவின் முழங்காலும் காதும் தேவலையா?

நானூறைப் பற்றி: ஆமாம். வேகமாகத்தான் படித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அடுப்பு என்று நினைத்துப் படிக்கவில்லை.

என்னை வேறு இலாகாவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கடலில் எந்தப் படகு எங்கே மீன் பிடிக்கலாம் என்ற பேச்சுவார்த்தை. காற்புள்ளி ஐயா காரணம் சொல்லவில்லை. வழியனுப்பும்போது மட்டும், “கெட்டிக்காரிம்மா நீங்க. கொஞ்சம் பயமா இருக்கு” என்றார்.

நம் நாடு அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறது. மனம் மாறியதெல்லாம் இல்லை. வாங்குகிற நாடுகள் எல்லாம் போட்டுவிட்டன, வாங்க ஆளில்லாத சரக்கை யார் காப்பது? விழாவுக்கு எனக்கு அழைப்பு இல்லை. டாக்டரம்மா அழைப்பை வாங்கிக்கொண்டு, எனக்கு இல்லை என்று கேள்விப்பட்டதும் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

கையெழுத்துப் போட்டால் கிடங்கில் இருப்பதை எல்லாம் அழிக்க வேண்டும். ‘முயல’ இல்லை, அதை எடுக்க வைத்துவிட்டோம். அழிப்பதற்கும் வேலை தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலையை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்காமல், செய்தவர்களிடமே கொடுக்கச் சொல்லி மந்திரி அலுவலகத்துக்குத் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மீன்காரி ஏன் குண்டைப் பற்றி எழுதுகிறாள் என்கிறார்களாம். எழுதட்டும் என்று விடுவார்களா, வேலையை விட்டு எடுப்பார்களா தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் வேலை இன்னும் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அவளிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறாய்.

மூன்றாம் பட்டறையைத் திறந்துவிட்டார்கள். போன வாரம் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன். அந்தச் சந்தோஷம்கூட எனக்குக் கிடையாதா? “பிரிக்கிற வேலை வந்திருக்குப்பா. சோதிச்சுப் பார்த்து ‘இது பிரிக்கலாம்’னு சொல்ல நீ வேணும். மத்தவங்க சொன்னா ஆளுங்க கிட்ட வர மாட்டேங்கிறாங்க” என்றார்.

“இத்தனை நாள் என்கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டேன்னாங்களே?”

“அது வேற கோபம்பா. அது இன்னும் இருக்கு. ஆனா நீ ஒண்ணை ஆபத்துன்னு சொன்னா அது ஆபத்துதான்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சுல்ல.”

போனேன். நேற்றுத்தான் முதல் குண்டைப் பிரித்தோம். நாங்கள் பூட்டியதை நாங்களே திறப்பது விசித்திரமாக இருக்கிறது, அக்கா. எந்தத் திருகு இறுக்கமாக இருக்கும் என்று கைக்கு நினைவிருக்கிறது. குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணல் தட்டில் வைத்தோம். நடுவில் கிழவர் ஒருவர், இதையெல்லாம் பூட்டுவதில் கெட்டிக்காரர், “நான் செஞ்சதுல வெடிச்சது போக மிச்சம் எந்தெந்த வயல்ல கிடக்குதோ” என்றார். நான் அடுத்த குட்டியை எடுத்து மணலில் வைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் என் பெஞ்சில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் மரத்தடிக்கே போனார்கள்.

மூன்று வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்கிறார்கள். வேகமாகச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும், மறுபடி பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். மெதுவாகச் செய்தால் அந்தச் சனியன் இன்னும் கொஞ்ச நாள் கிடங்கில் இருக்கும். எப்படிச் செய்வது என்று ஆட்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வேகமாகவே செய்வோம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உன் மருமகள், “அப்பா, எங்க போறீங்க?” என்றாள். “எங்கயும் இல்லம்மா” என்றேன். “அப்போ நானும் வரேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி